கை தயங்கிய ஆறு மாதங்கள்

ஜனவரி 9

மாப்பிள்ளை,

சமாதானத்துக்காக இதை எழுதவில்லை, காரியத்துக்காக எழுதுகிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுகிறது, பிறகு இரண்டு நாள் வேலை ஓடுவதில்லை. உன் அக்கா மூலமாகச் சொல்லி அனுப்பலாம் என்றால் அவள், "கட்டின புருஷனுக்கும் கூடப் பொறந்தவனுக்கும் நடுவுல நான் தபால்காரி இல்ல" என்று போனை வைத்துவிட்டாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இந்த ஊரில் வேலை கிடைத்துவிட்டது. பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. டவர் கிரேன் நம் பழைய சைட்டில் இருந்ததில் பாதி உயரம்தான். ஒப்பந்தக்காரர் என்னைப் பற்றி விசாரித்தாராம், ஒரே நாளில் சேர்த்துக்கொண்டார். பதினொரு வருடத்தில் ஒரு செங்கல்லைக்கூடக் கீழே போடாத ஆள் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கீழே நின்று சிக்னல் கொடுத்த உனக்கு மட்டும் மறந்துவிட்டது.

"கிரேன் ஆபரேட்டர் கை தாமதம். மருத்துவப் பரிசோதனை தேவை." ஷிப்ட் பதிவேட்டில் உன் கையெழுத்தில் ஏழு வார்த்தை. சேஃப்டி ஆபீசர் அதை எனக்கே வாசித்துக் காட்டினார். அக்டோபர் 30 அன்று கம்பிக் கட்டு இறங்கும்போது கொஞ்சம் ஆடியது. காற்று. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. "மச்சான், என்ன ஆச்சு?" என்று என்னிடம் வந்து நீ கேட்டிருக்கலாம். அன்று மதியம் எதிரெதிரே உட்கார்ந்துதானே சாப்பிட்டோம், அப்போது வாயில் என்ன வைத்திருந்தாய்? பரிசோதனைக்குப் போவதற்குப் பதில் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். என்னை நம்பாத இடத்தில் நான் ஏணி ஏறுவதில்லை.

காரியம் இதுதான். என் லாக்கரைக் காலி செய்தது நீ. அதில் என் ஆபரேட்டர் லைசென்ஸின் அசல் இருந்தது. இங்கே பிப்ரவரி கடைசிக்குள் காட்ட வேண்டும். ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பு. கூட ஒரு வரியும் எழுத வேண்டாம்.


ஜனவரி 20

மச்சானுக்கு,

லைசென்ஸ் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அனுப்ப மாட்டேன். கடைசி வரி வரைக்கும் உங்களைக் காக்க வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஒரு வரியும் வேண்டாம் என்றீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அச்சடித்த மாதிரி எழுதுகிறவர் நீங்கள். இதில் எழுத்தெல்லாம் கோட்டை விட்டு இறங்கிப் போகிறது.

இத்தனை வருடமும் வேலை நேரத்தில் நான் உங்கள் கையைப் பார்த்ததில்லை. எண்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறவர் கையைக் கீழே நிற்கிறவன் எப்படிப் பார்ப்பான்? நான் பார்த்தது கொக்கியை. வாக்கி டாக்கியில் "நிறுத்து" என்றால் 'து' முடிவதற்குள் அது நிற்கும். போன மே மாதத்திலிருந்து தயங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு சாண் தள்ளி நின்றது, பிறகு ஒரு முழம். காற்றே இல்லாத நாளிலும்.

நீங்கள் கீழே இறங்கிய பிறகும் கவனித்தேன். கேன்டீனில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தீர்கள். கொத்திலிருந்து ஒரு சாவியைப் பிரிக்க முடியாமல் கொத்தையே என்னிடம் நீட்டினீர்கள். கால்களை அகட்டி வைத்து நடந்தீர்கள். "கப்பல்ல வேலை பாத்தவர் மாதிரி நடக்குறாரு" என்று கம்பி கட்டுகிறவர்கள் சிரித்தார்கள், நானும் கூடச் சிரித்தேன். கழுத்தை வளைத்துக் குனிந்தால் முதுகில் ஷாக் அடிக்கிறது என்று நீங்களே ஒரு நாள் சொன்னீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள்.

அக்கா போன வாரம்தான் ஒன்றைச் சொன்னாள். ஆகஸ்டிலேயே உங்கள் சட்டைப் பொத்தான்களை எல்லாம் பிரித்துவிட்டுப் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்துவிட்டாளாம். நீங்கள் ஏன் என்று கேட்கவில்லையாம், அவளும் சொல்லவில்லையாம். "தினம் காலையில அவர் பட்டனோட மல்லுக்கட்டுறதப் பாக்க முடியலடா" என்றாள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததை எல்லோருமாகச் சேர்ந்து மறைத்திருக்கிறோம்.

கழுத்தை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றுமில்லை என்று அவர் எழுதித் தந்தால் லைசென்ஸை நானே கொண்டுவந்து கையில் தருகிறேன். நீங்கள் திட்டுகிற வரை நின்று கேட்டுக்கொள்கிறேன்.


பிப்ரவரி 2

மாப்பிள்ளை,

நீ சிக்னல்காரனா டாக்டரா என்று முதலில் ஒரு முடிவுக்கு வா.

கழுத்து வலி இல்லாத கிரேன்காரன் உலகத்தில் கிடையாது. கூண்டுக்குத் தரையே கண்ணாடி. காலிடுக்கு வழியாகப் பத்து மணி நேரம் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் வலிக்காமல் இனிக்குமா? மருந்துக் கடையில் கழுத்துப் பட்டை வாங்கிப் போட்டிருக்கிறேன். பரவாயில்லை.

ஷாக் இருக்கிறதுதான். குனிந்தால் பிடரியில் கிளம்பி முதுகு வழியாகக் கால் வரை சுர்ரென்று இறங்குகிறது. இப்போது இருமினாலும் வருகிறது. அதெல்லாம் எல்லோருக்கும் வருவதுதான் என்று பக்கத்து அறை வெல்டர் சொல்கிறார். உங்களுக்கு வந்ததா என்று கேட்டேன். அவருக்கு இல்லையாம், அவருடைய சித்தப்பாவுக்கு வந்ததாம். சித்தப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

பழைய சைட்டில் எண்பது மீட்டரைப் பதினைந்து நிமிடத்தில் ஏறுவேன். இங்கே நாற்பது மீட்டருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. ஏணிக்கு நடுவே இளைப்பாற இருக்கிற ஒவ்வொரு தட்டிலும் நின்று ஊரை வேடிக்கை பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உட்கார்ந்தால் நடக்க வேண்டும் போல் இருக்கிறது, நடந்தால் உட்கார வேண்டும் போல் இருக்கிறது. விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் கையுறை போட்ட மாதிரி மரத்துவிடுகிறது. இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றே தெரியவில்லை.

சரி. அசல் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்க எனக்குத் தெரியும். உன் அலமாரியையும் அதிலிருக்கும் தாளையும் நீயே கட்டிக்கொண்டு அழு.


பிப்ரவரி 11

மச்சானுக்கு,

இதைச் சொல்லவே கூடாது என்று இருந்தேன். சைட்டில் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு இது ஐந்தாவது.

முதலில் என் தப்பைச் சொல்கிறேன். உங்கள் கை தாமதிப்பது மே மாதமே தெரிந்தும் நான் யாரிடமும் பேசவில்லை. சிக்னலை முன்கூட்டியே கொடுக்க ஆரம்பித்தேன். தரைக்கு இரண்டு மீட்டர் இருக்கும்போதே "நிறுத்து" என்பேன். உங்கள் கைக்குத் தேவைப்பட்ட நேரத்தை நானே சேர்த்துக் கொடுத்தேன். ஆறு மாதம் இப்படி ஓட்டினேன். உங்கள் கைக்கு ஒன்றுமில்லை என்று நீங்கள் நம்பியதற்கு நான்தான் காரணம். அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே அறுபது பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 30 அன்று கம்பிக் கட்டு இறங்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை குறுக்கே கிடந்தது. "நிறுத்து" என்று சொல்லிவிட்டு அதை எடுக்க ஓடினேன். சுமைக்கு அடியில் போகாதே என்று மற்றவர்களைத் தினமும் அதட்டுகிறவன் நான். நின்றிருக்கும் என்று நினைத்துக் குனிந்தேன். தரையில் நிழல் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓட நேரமில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கட்டு என் ஹெல்மெட்டைத் தொட்டு நின்றது. இடிக்கவில்லை மச்சான். யாரோ தலையில் கை வைத்த மாதிரி தொட்டது. தூண் மறைத்ததால் மேலே உங்களுக்குத் தெரிந்திருக்காது.

மதியம் வாயில் என்ன வைத்திருந்தாய் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பல் கிட்டித்துப்போயிருந்தது.

நடந்ததை நடந்தபடி பதிவேட்டில் எழுதினால் உங்கள் லைசென்ஸ் அன்றே போயிருக்கும். அதனால் அந்த ஏழு வார்த்தையோடு நிறுத்தினேன். அவர்கள் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் ஊரை விட்டே போவீர்கள் என்று நினைக்கவில்லை.

இப்போது அங்கே உங்களுக்குக் கீழே வேறொருவர் நிற்கிறார். உங்கள் கையைப் பற்றி அவருக்குத் தெரியாது. இரண்டு மீட்டர் முன்னாலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் யார் சொல்வார்கள்?


பிப்ரவரி 23

மாப்பிள்ளை,

பேனாவில் துணி சுற்றிப் பிடித்து எழுதுகிறேன். புரியாத இடத்தை விட்டுவிட்டுப் படி.

உன் கடிதத்தைக் கேட் வாட்ச்மேன் என் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கயிற்றில் மேலே அனுப்பினார். கூண்டில் உட்கார்ந்துதான் படித்தேன். இங்கே சிக்னல் கொடுப்பவர் ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடிக்காரர். கலவைத் தொட்டியை மாட்டிவிட்டுத் "தூக்கு" என்றார். நான் தூக்கவில்லை. "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றார். "இல்லப்பா. கொக்கிய அவுத்துடு. நான் இறங்குறேன்" என்றேன்.

இரண்டாவது தட்டுக்கு மேலே வந்தபோது இடது காலுக்கு ஏணிப்படி எங்கே என்று தெரியவில்லை. வலி ஒன்றும் இல்லை. கால் இருக்கிறது, படி இருக்கிறது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று, உனக்கும் எனக்கும் ஆன மாதிரி. குனிந்து பார்த்தால் ஷாக் அடிக்கிறது. பார்க்காவிட்டால் படி அகப்படவில்லை. முக்கால் மணி நேரம் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மூக்குக் கண்ணாடிக்காரர்தான் ஏறி வந்து பெல்ட்டை மாட்டி, என் பாதத்தைக் கையால் பிடித்து ஒவ்வொரு படியிலும் வைத்தார். "வலது வச்சாச்சு. இப்ப இடது." ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. தரைக்கு வந்ததும் ஒப்பந்தக்காரரிடம், "என் கை சரியில்ல. வேற ஆளப் பாத்துக்குங்க" என்று நானே சொல்லிவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். ஒரு பெண் டாக்டர். பத்து விநாடியில் எத்தனை தடவை கையை மூடித் திறக்கிறேன் என்று எண்ணினார். இருபது தடவையாவது வர வேண்டுமாம், எனக்குப் பதினொன்று. கையைப் பிடித்து நடுவிரல் நகத்தைச் சுண்டினார். கட்டைவிரல் தானாகத் துள்ளியது. நான் அதைத் துள்ளச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்கேன்.

கழுத்தெலும்புக்குள் தண்டுவடம் போகிற பாதை மூன்று இடத்தில் குறுகிவிட்டதாம். தேய்ந்த ஜவ்வு முன்னாலிருந்து தள்ளுகிறது, தடித்துப்போன நார் பின்னாலிருந்து நெருக்குகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தண்டுவடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு தெரிந்தது.

"கிரேன்னால வந்ததா டாக்டர்?"

"பொறந்ததுலேருந்தே உங்களுக்குப் பாதை கொஞ்சம் சின்னது. வயசு மேலும் சுருக்கிடுச்சு. வேலைக்கும் பங்கு இருக்கலாம், எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது."

"ஆபரேஷன் பண்ணா கை திரும்பிடுமா?"

"இருக்கறதக் காப்பாத்தத்தான் ஆபரேஷன். போனதுல கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம்."

"பண்ணலன்னா?"

"சில பேருக்கு வருஷக் கணக்கா அப்படியே நிக்கும். உங்களுக்கு ஒன்பது மாசத்துல இவ்வளவு இறங்கியிருக்கு. அடுத்து எப்ப இறங்கும்னு தெரியாது. மொத்தமாவும் இறங்கலாம். முக்கியமா, எங்கயும் விழுந்துடாதீங்க."

நான் செய்துகொள்ளப் போவதில்லை. கழுத்தில் கத்தி வைக்க விடுகிற தைரியம் எனக்குக் கிடையாது. எண்பது மீட்டரில் உட்கார்ந்தவனுக்கு இந்தப் பயமா என்று நீ நினைப்பாய். அங்கே லீவர் என் கையில் இருந்தது.

உன் ஹெல்மெட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாயிற்று. வரவில்லை.


மார்ச் 3

மச்சானுக்கு,

லைசென்ஸை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு உங்களை மிரட்டியது போதும். நான் இழுத்து நீங்கள் இறங்கவில்லை, நீங்களே இறங்கினீர்கள். இனி அதை என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆபரேஷன் வேண்டாம் என்றால் அது உங்கள் கழுத்து. ஆனால் வேண்டாம் என்பதை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்.

இங்கே உங்கள் இடத்தில் ஒரு பெண் ஆபரேட்டர் வந்திருக்கிறார். நல்ல கை. "நிறுத்து" என்றால் சட்டென்று நிற்கிறது. ஆனால் நான் இன்னும் பழைய மாதிரியே இரண்டு மீட்டர் முன்னால் நிறுத்தச் சொல்கிறேன். சுமை அந்தரத்தில் நிற்கும். "அண்ணே, இன்னும் எடம் இருக்கே, எதுக்கு நிறுத்தச் சொல்றீங்க?" என்று மேலிருந்து கேட்கிறார். தினமும் கேட்கிறார். சிக்னல் கொடுத்துவிட்டு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை, கால் தானாகப் பின்னுக்குப் போகிறது.


ஏப்ரல் 28

மாப்பிள்ளை,

நான் சொல்லச் சொல்ல இதை உன் அக்கா எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறேன். (அவர் விழுங்குவதையும் சேர்த்து எழுதுவேன் - அக்கா.)

மார்ச்சில் நன்றாகத்தான் இருந்தேன். (இல்லை. நான் இங்கே வந்து இறங்கியபோது ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஸ்பூனும் கீழே விழுந்தது. என்னைப் பார்த்துவிட்டு, காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.) பட்டை, மாத்திரை, பயிற்சி எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். உட்கார்ந்தால் கால் விறைக்கிறது என்று நாள் முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். இந்த அறை பதினான்கு அடி. தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதை அளந்துகொண்டிருந்தேன்.

16ஆம் தேதி குளியலறையில் விழுந்துவிட்டேன். (ஓடினார், அதனால் விழுந்தார். இரண்டு வாரமாக அவசரம் வந்தால் அடக்க முடியவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. துவைக்கிறவளுக்குத் தெரியாதா?) அதை எழுதாதே என்றேன், எழுதிவிட்டாள். விழுந்த பிறகு பத்து நிமிடம் இரண்டு கையும் அசையவில்லை. கன்னம் ஈரத்தரையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. உன் அக்கா கடைக்குப் போயிருந்தாள். கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. வலது கை மெதுவாக வந்தது. இடது கை பாதிதான் வந்தது, இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

மே 12 அன்று ஆபரேஷன். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தேன். தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. முன்பு கத்திக்குப் பயந்தேன், இப்போது அந்தத் தரைக்குப் பயப்படுகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ வர வேண்டாம். அந்தக் கோலத்தில் நீ என்னைப் பார்க்க வேண்டாம். (வா - அக்கா.)


மே 6

மச்சானுக்கும் அக்காவுக்கும்,

ஒரே கடிதத்தில் இரண்டு உத்தரவு. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு எதற்குக் கீழ்ப்படிவது என்று யோசித்துக்கொள்கிறேன். என்னிடம் நேரம் இருக்கிறது. ஏன் என்றால், போன திங்கட்கிழமை சேஃப்டி ஆபீசரிடம் போய் அக்டோபர் 30 அன்று நடந்ததை முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். சுமைக்கு அடியில் நான் போனது, ஆறு மாதம் சிக்னலைத் திருத்திக் கொடுத்தது, ஒன்றையும் விடவில்லை. அவர் படித்துவிட்டு, "இத எதுக்குய்யா இப்ப சொல்ற? அவர்தான் போயிட்டாரே" என்றார். "நான் இன்னும் இங்கதான சார் நிக்குறேன்" என்றேன். ஒரு மாதம் சிக்னல் வேலையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு மறுபயிற்சி.

உங்களிடம் கேட்காமல் செய்துவிட்டேன். கோபப்படுவதானால் ஆபரேஷன் முடிந்த பிறகு படுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம், ரத்தம் தலைக்கு ஏறக் கூடாது.


செப்டம்பர் 17

மாப்பிள்ளை,

என் கையால் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் வருகிறது.

மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சிலேயே இருந்தாயாம். உன் அக்கா ஜூலையில்தான் சொன்னாள். என் பேச்சு எதையும் கேட்காதவன், வராதே என்று சொன்னதை மட்டும் ஏன் கேட்டாய்? கதவைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். அப்போது எனக்குத் திட்டக் குரலும் கிடையாது. கழுத்தின் முன்பக்கமாகக் கீறித்தான் செய்தார்கள், ஐந்து வாரம் குரல் கம்மிப்போயிருந்தது. உன் அக்கா அதை நிம்மதியான காலம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

கழுத்துக்குள் ஒரு தகடும் எட்டுத் திருகாணியும் இருக்கின்றன. பத்து விநாடிக்கு வலது கை பதினேழு, இடது கை பன்னிரண்டு. குளியலறைக்கு ஓட வேண்டியதில்லை. கோலை ஊன்றி ஒரு கிலோமீட்டர் நடக்கிறேன். இடது சுண்டுவிரலும் பக்கத்து விரலும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரியே இருக்கின்றன. அவை இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தகடு இருக்கிற இடத்துக்கு மேலேயும் பாதை என்றைக்காவது சுருங்கலாமாம், வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் விரல்களை மூடித் திறந்து எண்ணிப் பார்க்கிறேன். பதினாறு வந்தால் அன்று முழுக்க உட்கார முடிவதில்லை. மறுநாள் பதினேழு வந்தால்தான் மூச்சு வருகிறது. இனி இப்படித்தான் போகும் போலிருக்கிறது.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கவுன்டரில் இருந்த அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் காலாவதி ஆகலையே சார்" என்றார். "எனக்கு ஆயிடுச்சும்மா" என்றேன். வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் நின்றேன். கூட வந்த உன் அக்கா இரண்டு படி கீழே போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அதற்கு அவளுக்கு நான் கடமைப்பட்டவன்.

நீ எழுதிக் கொடுத்ததற்குக் கோபப்படவில்லை. முதல் கடிதத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டியதை நீ போய் எழுதிக் கொடுத்தாய்.

எழுத ஆரம்பித்து இது மூன்றாவது நாள், இப்போதுதான் திங்கட்கிழமை நடந்ததற்கு வருகிறேன். நான் நடக்கப் போகிற தெருமுனையில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம் எழும்புகிறது. கிரேன் சுழல்கிற சத்தம் கேட்டது. பார்க்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் தகடு விடவில்லை. முகத்தை மேலே தூக்கினால் இரண்டாவது மாடிக்கு மேல் தெரிவதில்லை. பின்னால் சாய்ந்து பார்க்கவும் பயம், விழுந்தால் தொலைந்தேன். எதிர்ப்பக்கம் நடைபாதையில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. போய் மெதுவாக மல்லாந்து படுத்துவிட்டேன்.

மேலேயிருந்து நான் பார்த்ததெல்லாம் ஹெல்மெட்டுகளைத்தான், சட்டைப் பொத்தான் அளவுக்கு. கீழேயிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை. கம்பிக் கட்டு ஒன்று இறங்கி வந்தது. முதலில் ஒரு கோடு. பிறகு ஒரு கதவு. பிறகு வானமே தெரியவில்லை. எனக்கும் அதற்கும் நடுவே ஒரு தெருவே இருந்தது, என் தலைக்கு மேலே அது வரப்போவதில்லை, எல்லாம் தெரியும். இருந்தாலும் அது தரையைத் தொடுகிற வரைக்கும் மூச்சு விடவில்லை.

இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "சார், விழுந்துட்டீங்களா?"

"விழல. பாக்குறேன்."

"எதப் பாக்குறீங்க?"

"என் மச்சினன் நின்ன எடத்த."

அவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். "அதுக்கடியிலயா? அங்க போய் யாராவது நிப்பாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"நின்னான். அப்ப லீவர் என் கையில இருந்துச்சு" என்றேன்.

ஆளுக்கொரு கை கொடுத்து என்னை எழுப்பி உட்கார வைத்தார்கள். கோலை எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், இந்தக் கடிதத்தின் முதல் வரியை எழுத உட்கார்ந்தேன்.

உன் மச்சான்